உட்பொதி மென்பொருளைப் புதுப்பித்தல்: வசதியும் அளவும்

உட்பொதி அமைப்பு என்பது ஒரு குறிப்பிட்ட வேலைக்காகவே ஒரு கருவிக்குள் பொருத்தப்படும் சிறு கணினி ஆகும். வைஃபை ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், வாஷிங் மெஷின் போன்றவற்றில் இதைக் காணலாம். இதை இயக்கும் மென்பொருள் நிலைப்பொருள் எனப்படும். இது இரும வடிவில், பிளாஷ் நினைவகத்தில் பதியப்பட்டிருக்கும். மேசைக் கணினியில் இடம் போதவில்லை என்றால் இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கிப் பொருத்தலாம். உட்பொதி கருவியில் பெரும்பாலும் அது முடியாது. தொழிற்சாலையில் பற்றவைத்த சில்லின் கொள்ளளவே அதன் ஆயுள் முழுவதற்கும். எனவே புதுப்பிக்கும்போது "எதைச் சேர்க்கலாம்?" என்ற கேள்வியுடன் "அதற்காக எதை எடுக்கலாம்?" என்ற கேள்வியும் எழுகிறது. ரவுட்டர்களுக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் திறமூல லினக்ஸ் அமைப்பைக் கொண்டு இதைப் பார்ப்போம்.

பின்னணி

லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டர் 2002 டிசம்பரில் வெளிவந்தது. அதன் மென்பொருள் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டிருந்ததால் 2003இல் அதன் மூலநிரல் வெளியிடப்பட்டது. அதிலிருந்தே 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் தொடங்கியது. 2005இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பிளாஷ் நினைவகம் 2 மெகாபைட்டாகவும் ரேம் 8 மெகாபைட்டாகவும் குறைக்கப்பட்டன. லினக்ஸுக்குப் பதிலாக விஎக்ஸ்வொர்க்ஸ் என்னும் சிறிய இயங்குதளம் அதில் வைக்கப்பட்டது. லினக்ஸ் விரும்பிகளுக்காக 4 மெகாபைட் பிளாஷ் கொண்ட ஜிஎல் என்ற மாதிரி தனியே விற்கப்பட்டது. சில்லின் அளவு, எந்த மென்பொருள் இயங்கும் என்பதையே தீர்மானித்தது.

இடம் எங்கே போகிறது?

4 மெகாபைட் என்பது 4,096 கிலோபைட். டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் ரவுட்டரின் பல பதிப்புகளில் பிளாஷ் நினைவகம் இவ்வளவுதான். இதில் 128 கிலோபைட் தொடக்க நிரலுக்கும், 64 கிலோபைட் வைஃபை அளவுத்திருத்தத் தரவுக்கும் போய்விடும். மீதி 3,904 கிலோபைட்டுக்குள் லினக்ஸ் கெர்னல், மற்ற நிரல்கள், பயனரின் அமைப்புகள் எல்லாம் அடங்க வேண்டும். கெர்னல் மட்டுமே சுருக்கிய நிலையிலும் ஒரு மெகாபைட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

நிரல்கள் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்னும், படிக்க மட்டுமே இயலும் பகுதியில் சுருக்கி வைக்கப்படுகின்றன. எழுதக்கூடிய பகுதி அதன்மேல் ஒரு அடுக்காக அமைகிறது. இதைக் கரும்பலகையோடு ஒப்பிடலாம். ஸ்குவாஷ்எஃப்எஸ் என்பது பலகையில் பெயின்ட்டால் எழுதிய பகுதி. மீதமுள்ள இடத்தில்தான் சாக்பீஸால் எழுதி அழிக்கலாம். பெயின்ட்டில் உள்ள ஒரு வரியைத் திருத்த வேண்டுமானால், திருத்திய வரியைச் சாக்பீஸ் பகுதியில் மறுபடி எழுத வேண்டும். பழைய வரி தன் இடத்தை விட்டுக்கொடுக்காது.

ஆகவே, படிமத்தோடு வந்த ஒரு நிரலைத் தனித் தொகுப்பாகப் புதுப்பித்தால் அது இரண்டு இடத்தைப் பிடிக்கிறது. மேலடுக்கு நிரம்பிவிட்டால் அமைப்புகளைச் சேமிக்கவே முடியாமல் போகும். சிறிய கருவிகளில் தொகுப்பு தொகுப்பாகப் புதுப்பிக்காமல் முழுப் படிமத்தையும் மாற்ற வேண்டும் என்று சொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம். அப்போதும் புதிய படிமம் முதலில் ரேமில் வைக்கப்பட்டே எழுதப்படுவதால், ரேமின் அளவும் ஒரு வரம்பாகிறது.

சிறிய வசதி, பெரிய விலை

ஒரு வசதி பயனருக்குச் சிறியதாகத் தோன்றலாம். நிரலில் அது சிறியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆர்டுயினோ ஊனோ பலகையில் நிரலுக்கு 32 கிலோபைட்டே உண்டு. அதன் சி நூலகத்தில், உரையை வடிவமைக்கும் செயற்கூற்றில் தசம எண்களுக்கான பகுதி இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை. தெரியாமல் கேட்கும் மாணவருக்கு எண்ணுக்குப் பதில் ஒரு கேள்விக்குறிதான் கிடைக்கும். வேண்டியவர் அதைத் தனியே கேட்டு இணைத்துக்கொள்ளலாம். வேண்டாதவர் அதற்கான இடத்தைச் செலவிடத் தேவையில்லை.

பொதுவான பகுதியைப் பகிர்ந்து இடத்தை மிச்சப்படுத்துவது இன்னொரு வழி. 1995இல் புரூஸ் பெரன்ஸ் தொடங்கிய பிஸிபாக்ஸ் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. டெபியன் லினக்ஸின் நிறுவலுக்குத் தேவையானவற்றை ஒரே ஃபிளாப்பியில் அடக்குவது அவர் நோக்கம். பல கட்டளைகள் ஒரே இருமக் கோப்பில் இருப்பதால் பொதுவான நிரல்பகுதி ஒருமுறை மட்டுமே இடம்பெறுகிறது. தேவையற்ற கட்டளைகளைத் தொகுக்கும்போதே விட்டுவிடலாம்.

அளந்து முடிவெடுத்தல்

எதைக் குறைப்பது என்பதை ஊகத்தால் முடிவு செய்யக் கூடாது.

1. பழைய, புதிய இருமக் கோப்புகளை ஒப்பிட வேண்டும். லினக்ஸ் மூலநிரலுடன் வரும் புளோட்-ஓ-மீட்டர், எந்தச் செயற்கூறு எத்தனை பைட் வளர்ந்தது என்று காட்டும்.
2. சுருக்கிய பிறகான அளவையே கடைசியில் கணக்கில் கொள்ள வேண்டும். உரைக்கோப்பு நன்கு சுருங்கும். ஏற்கெனவே சுருக்கப்பட்ட படங்கள் சுருங்குவது அரிது.
3. செலவில்லாத சேமிப்பை முதலில் செய்ய வேண்டும். பிழைதிருத்தக் குறியீடுகளை நீக்குவது, அழைக்கப்படாத செயற்கூறுகளை இணைப்பியைக் கொண்டு கழிப்பது, அளவைக் குறைக்கும் கம்பைலர் தெரிவைப் பயன்படுத்துவது ஆகியவற்றால் வசதி எதையும் இழக்க வேண்டியதில்லை.
4. பிறகே வசதிகளில் கை வைக்க வேண்டும். ஓப்பன்டபிள்யூஆர்டியில் இணையவழி மேலாண்மைப் பக்கத்தை விட்டுவிட்டுக் கட்டளைவரியில் வேலை செய்யலாம். யூஎஸ்பி இல்லாத ரவுட்டருக்கு யூஎஸ்பி இயக்கிகள் வேண்டாம்.

எதை விடக் கூடாது?

2017 அக்டோபரில் கிராக் என்னும் குறைபாடு வெளியானது. வைஃபையின் டபிள்யூபிஏ2 பாதுகாப்பு முறையிலேயே அது இருந்ததால், ஏராளமான கருவிகளுக்குத் திருத்தம் தேவைப்பட்டது. "எங்களுக்குப் புதிய வசதி எதுவும் வேண்டாம், பழையதே போதும்" என்று சொல்லித் தவிர்க்க முடியாத புதுப்பிப்பு இது. எனவே வருங்காலத் திருத்தங்களுக்காகக் கொஞ்சம் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது நல்ல வடிவமைப்பு. கடைசி பைட் வரை வசதிகளால் நிரப்பிய கருவி, முதல் பாதுகாப்புத் திருத்தத்திலேயே திணறும்.

மீட்பு வழியும் அப்படியே. புதுப்பிக்கும் நடுவே மின்சாரம் போனால் படிமம் பாதியில் நிற்கும். இடம் தாராளமாக உள்ள கருவிகளில் இரண்டு படிமங்களை வைத்து, ஒன்று பழுதானால் மற்றதிலிருந்து இயக்கலாம். 4 மெகாபைட்டில் அதற்கு இடமில்லை. அங்கே தொடக்க நிரல்வழி மீட்பே கடைசித் துணை. அதில் கை வைத்துச் சில கிலோபைட்டுகளை மிச்சம் பிடிப்பது ஆபத்தானது.

எல்லையை எட்டும்போது

எவ்வளவு குறைத்தாலும் கெர்னல் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்துகொண்டே போனது. 4 மெகாபைட் பிளாஷ், 32 மெகாபைட் ரேம் கொண்ட கருவிகளுக்கு 19.07 வரிசையே ஓப்பன்டபிள்யூஆர்டியின் கடைசி அதிகாரப்பூர்வ வரிசை. 2022இல் அதன் ஆதரவும் முடிந்தது. 21.02 வரிசையிலிருந்து குறைந்தபட்சத் தேவை 8 மெகாபைட் பிளாஷ், 64 மெகாபைட் ரேம். அதே வரிசையில்தான் டபிள்யூபிஏ3 பாதுகாப்பும் எச்டிடிபிஎஸ் ஆதரவும் இயல்பாகவே சேர்க்கப்பட்டன. ஆக, பழைய கருவிகளை வெளியே தள்ளியது ஆடம்பர வசதி மட்டுமன்று. பாதுகாப்புக்கும் இடம் தேவைப்பட்டது.

அந்த ரவுட்டர்களின் வன்பொருள் பழுதாகவில்லை. ஆனால் திருத்தம் வராத கருவியை இணையத்தின் வாசலில் வைப்பது பாதுகாப்பன்று. தயாரிக்கும்போது சில்லில் மிச்சம் பிடித்த சிறு தொகையை, பின்னாளில் புதுக் கருவி வாங்கும் பயனரும் சேர்ந்துகொண்டே போகும் மின்கழிவும் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. ஒரு கருவியை வாங்கும்போது அதன் வேகத்தோடு பிளாஷ், ரேம் அளவுகளையும் கேட்டறிவது நல்லது. அக்கருவிக்கு எத்தனை ஆண்டு புதுப்பிப்பு கிடைக்கக்கூடும் என்பதை ஓரளவு ஊகிக்க அவை உதவும்.