ஊர் விளைவும் ஊரார் உணவும்

மாத்தளை மாவட்டத்தின் வஹகோட்டை, புனித அந்தோனியார் ஆலயத்தால் நாடெங்கும் பெயர் பெற்ற ஊராகும். மாவட்டத்தின் தென்புறத்தில் மிளகும் கொக்கோவும் செழிக்கும் ஈரச் சரிவுகள் உள. வடக்கே தம்புள்ளையை நோக்கிச் செல்லச் செல்ல, குளத்து நீரை நம்பிய வயல்களும் வெங்காயத் தோட்டங்களும் சேனைப் பயிர்களும் காணப்படும். இவ்விருவகை நிலத்தின் பயனும் எட்டும் தொலைவில் இருப்பதால் நெல், குரக்கன், பயறு, பலா, மரவள்ளி யாவும் இப்பகுதியாருக்குப் பழகியவையே. ஆயினும் காலை உணவென்றால் பலர் வீட்டிலும் பாண்தான். பாணுக்குரிய கோதுமையோ இந்நாட்டு வயல்களில் விளைவதன்று.

இப்பழக்கம் மிகத் தொன்மையானதுமன்று. 1942இல் பர்மா அரிசி வராது நின்றபோது, பங்கீட்டில் கோதுமை மா பரவலாக இடம்பெற்றது. யுத்தம் முடிந்தது, மா மட்டும் போகவில்லை. சமைக்க நேரமில்லாத வீட்டுக்கு அது வசதியாயிருந்தது என்பதையும் மறுத்தற்கில்லை.

ஊரில் விளைவதையே உண்போம் என்று ஒருவர் தனித்து உறுதி பூணுவது எளிது. அதனால் பயன் சிறிது. ஏனெனில் பெரும்போக மழைக்குக் குரக்கன் விதைப்பவன், மூன்று நான்கு மாதங்களின் பின் அதை வாங்குவோர் உளரா என்பதை விதைக்கும்போதே அறிய வேண்டியவனாகிறான். ஆகவே உண்பவரின் வாக்கு விதைப்புக்கு முந்த வேண்டும். அறுவடைக்குப் பிந்திய பாராட்டு அவன் கடனைத் தீர்க்காது. பெரிய வெங்காயத்தின் கதை இதற்குச் சான்று. தம்புள்ளை, கலேவெலைப் பக்கங்களில் சிறுபோக வெங்காயம் ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் கிளப்பப்படும் வேளையிலே இந்திய வெங்காயமும் சந்தையில் குவிந்தால் விலை சரிந்துவிடுகிறது. இறக்குமதி வரியை உயர்த்துமாறு விவசாயிகள் பலமுறை கேட்டதன் காரணம் இதுவே.

கூட்டு முயற்சிக்கு நல்ல முன்மாதிரி பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கீழ்ச் சிறைப்பட்டு மீண்ட அவர், பத்து இலட்சம் பலா மரங்களை நாட்டும் இயக்கத்தை நடத்தினார். மக்கள் அவரைக் ‘கொஸ் மாமா’, அதாவது பலா மாமா, என்றே அழைத்தனர். உண்ணுங்கள் என்று சொல்லுமுன் நடுங்கள் என்று சொன்னார் அவர்.

ஆனால் நிலமில்லாதவனுக்கு இவ்வறிவுரை எவ்வாறு பொருந்தும்? 1970களின் முற்பகுதியில் அரசு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்து விவசாயி செழித்தான். அதே காலத்தில் பங்கீட்டு அரிசியும் மாவும் குறைய, மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் பட்டினியில் வாடினர்; 1974இல் தோட்டங்களில் இறப்பு வீதம் மிகவும் உயர்ந்தது. லயத்து அறையின் முன்னே கீரைப் பாத்திக்கும் இடமில்லாதவரிடம் சுயதேவைப் பூர்த்தியைப் போதிப்பது கொடுமை. மாத்தளையிலும் தோட்டங்கள் உண்டு. ஊரின் உறுதிமொழியில் அவர்களுக்கும் ஒரு துண்டு நிலம் அடங்கியாக வேண்டும்.

2022இல் மீண்டும் சோதனை வந்தது. முந்திய ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டதால் விளைச்சல் வீழ்ந்திருந்தது; அந்நியச் செலாவணியும் வற்றியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாயிற்று. அரசு ஊழியர் பயிரிடுவதற்கென வெள்ளிக்கிழமை விடுமுறையும் வழங்கப்பட்டது. அத்தகைய நாளில் கைகொடுப்பவை முன்னோர் நட்ட மரங்களே. இன்று நடும் பலா காய்க்கச் சில ஆண்டுகள் செல்லும்.

எல்லா உணவையும் ஊரிலேயே பெறுவதென்பது நடவாத காரியம். பருப்பும் சீனியும் வெளியிலிருந்தே வரும். பாடசாலை உணவு, திருவிழாப் பந்தி, கல்யாண விருந்து ஆகிய மூன்றில் தொடங்கலாம். இவற்றிற்குத் தேவையான அளவு முன்னரே தெரியும். விதைப்போனிடம் சொல்லியும் வைக்கலாம். பருவம் தவறிய மாதங்களுக்குப் பாட்டிமாரின் வழி உண்டு: பலாச்சுளையைச் சீவி வெயிலில் உலர்த்துவர், கொட்டையை ஈரமற்ற மணலில் புதைத்து வைப்பர்.