விக்டோரியா காலச் செய்தித்தாள்களில் கட்சி அரசியல்

ஒரு நாட்டின் கட்சி அரசியலை அந்நாட்டுச் செய்தித்தாள்கள் வழியே அறிய முற்படுவோர் முதலில் ஒரு வினாவுக்கு விடை காண வேண்டும். கையில் உள்ள தாள் செய்தியைக் கூறுகிறதா, கட்சியின் வழக்கை எடுத்துரைக்கிறதா என்பதே அவ்வினா. இரண்டும் ஒரே தாளில் அடுத்தடுத்து நிற்கும்போது அவற்றைப் பிரித்தறியும் திறன் படிப்பவருக்கு வேண்டும். அத்திறனைப் பயில்வதற்கு, விக்டோரியா அரசியார் ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்துப் பிரிட்டிஷ் செய்தித்தாள்கள் மிகச் சிறந்த களமாகும்.

வரியும் விலையும்

அக்காலத் தொடக்கத்தில் நாளிதழ் எளியோர் கைக்கு எட்டாத பொருளாக இருந்தது. 1815 முதல் ஒவ்வொரு தாளுக்கும் 4 பென்ஸ் முத்திரை வரி. அதனால் நாளிதழின் விலை 7 பென்ஸ் ஆயிற்று. 1836இல் முத்திரை வரி 1 பென்னியாகக் குறைக்கப்பட்டது. விளம்பரத்துக்கும் காகிதத்துக்கும் வேறு வரிகள் இருந்தன. எதிர்ப்பாளர் இவற்றை ‘அறிவின் மீது விதித்த வரிகள்’ என்று பழித்தனர். விளம்பர வரி 1853இலும் முத்திரை வரி 1855இலும் நீங்கின.

காகித வரியை ஒழிக்க நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் 1860இல் கொணர்ந்த மசோதாவைப் பிரபுக்கள் சபை தள்ளிவிட்டது. மறு ஆண்டு அவர் அதனை வரவு செலவுத் திட்டத்தின் பிற பகுதிகளோடு ஒரே மசோதாவாகப் பிணைத்து அனுப்பினார். முழுவதையும் தள்ளப் பிரபுக்கள் துணியவில்லை, வரி ஒழிந்தது.

இதன் பயன் பெரிது. 1855இல் தோன்றிய ‘டெய்லி டெலிகிராப்’ அவ்வாண்டிலேயே 1 பென்னி இதழாயிற்று. கன்சர்வேடிவ் கட்சியை ஆதரித்த ‘ஸ்டாண்டர்டு’ம் 1858இல் தன் விலையை அவ்வளவாகக் குறைத்தது. இருதிறத்து வாதமும் சாதாரண மக்களை நாடிச் சென்றது. வெளியூர்களிலும் இந்நிலையே நிலவிற்று. லீட்ஸ் நகரில் ‘லீட்ஸ் மெர்க்குரி’ லிபரல் கட்சியின் பக்கம் நின்றது. 1866 முதல் ‘யார்க்ஷயர் போஸ்ட்’ கன்சர்வேடிவ் பக்கம் நின்றது. ஒருவர் கையில் உள்ள தாளைக் கொண்டே அவர் எக்கட்சியினர் என்று ஊரார் ஊகிக்க முடிந்தது.

தலையங்கமும் உரையும்

அத்தாள்களின் அமைப்பை நோக்குவோம். கட்சிச் சார்பு தலையங்கத்தில் வெளிப்படையாக நின்றது. அதனை எழுதியவர் பெயர் அதில் இராது. ‘நாம்’ என்று பன்மையில் இதழே பேசும். ஒளிவுமறைவின்றி ஒரு தலைவரைப் புகழும், மற்றவரைச் சாடும். அது வாதம் என்பதைப் படிப்பவர் அறிவர்.

அதே தாளின் வேறு பத்திகளில் நாடாளுமன்ற உரைகள் நெருக்கமான சிறு எழுத்தில் பத்தி பத்தியாக வரும். சபையின் மாடத்தில் நிருபர்கள் முறைவைத்து அமர்ந்து சுருக்கெழுத்தில் குறித்து, பின் விரித்தெழுதுவர். நாவலாசிரியர் டிக்கன்ஸ் இளமையில் இப்பணி செய்தவரே. பெருந்தலைவர்களின் உரை பெரும்பாலும் நேர்கூற்றில் விரிவாக இடம்பெறும்; பிறர் பேச்சு அயற்கூற்றில் சில வரிகளாகச் சுருங்கும். ஆரவாரம், நகைப்பு ஆகியவை அடைப்புக்குறிக்குள் குறிக்கப்படும்.

1868இல் வெளியூர் இதழ் உரிமையாளர்கள் கூடிப் ‘பிரஸ் அசோசியேஷன்’ என்னும் செய்தி நிறுவனத்தை அமைத்தனர். 1870இல் தந்தித்துறை அஞ்சலகத்தின் கீழ் வந்ததும் அதன் பணி தொடங்கிற்று. இருகட்சி இதழ்களுக்கும் அதுவே செய்தி விற்க வேண்டியிருந்தமையால் ஒருபக்கம் சாய்ந்து எழுத அதற்கு இயலவில்லை. 1879இன் இறுதியில் கிளாட்ஸ்டன் ஸ்காட்லாந்தின் மிட்லோதியன் தொகுதியில் ஊர் ஊராகப் பேசினார். தந்தி வழியாக அவ்வுரைகள் நாடெங்கும் சென்றன. 1880 தேர்தலில் அத்தொகுதியில் அவர் பெற்ற வாக்குகள் 1,579. எதிர்த்தவர் பெற்றவை 1,368. ஏறத்தாழ மூவாயிரம் வாக்காளரே கொண்ட தொகுதியில் பேசிய பேச்சு, நாளிதழ்களின் துணையால் நாடு முழுவதற்கும் பேசிய பேச்சாயிற்று.

ஒரு செய்தி, இரு தாள்கள்

தலையங்கத்தில் மட்டுமன்றிச் செய்தியிலும் இதழ்கள் மாறுபட்டதுண்டு. 1845 டிசம்பர் 4ஆம் நாள் ‘டைம்ஸ்’ ஒரு பெருஞ்செய்தி வெளியிட்டது. தானிய இறக்குமதியைத் தடுத்த சட்டங்களை நீக்கும்பொருட்டு நாடாளுமன்றம் ஜனவரியில் கூட்டப்படும் என்பதே அது. மறுநாள் ‘ஸ்டாண்டர்டு’ அதனைப் புனைந்துரை என்று கடுமையாக மறுத்தது.

எது மெய்? பிரதமர் பீல் அச்சட்டங்களை நீக்கும் கருத்துடையவர். ஆயின் அவர் அமைச்சரவை ஒருமனப்படவில்லை. சில நாள்களில் அவர் பதவி விலகினார். வேறு எவரும் ஆட்சி அமைக்க இயலாமையால் அம்மாதமே திரும்பினார். 1846இல் சட்டங்களை நீக்கினார். அதனால் அவர் கட்சியே பிளவுற்றது. ‘டைம்ஸ்’ செல்திசையைச் சரியாகக் கண்டது. முடியாததை முடிந்ததாகக் கூறியது. ‘ஸ்டாண்டர்டு’ தன் கட்சியின் விருப்பத்தையே செய்தியாக எண்ணிற்று. ஒன்றை மட்டும் படித்தவர் பாதி உண்மையையே பெற்றிருப்பார்.

எல்லை கடந்தபோது

கட்சிப்பற்று தலையங்கத்தின் எல்லையைக் கடந்து சான்றுக்குள் புகுந்தால் விளைவது யாது என்பதை 1887ஆம் ஆண்டு காட்டிற்று. அயர்லாந்துக்குத் தன்னாட்சி கேட்டுப் போராடிய கட்சியின் தலைவர் பார்னல். 1882இல் டப்ளின் நகரில் இரு உயர் அதிகாரிகள் கொலையுண்டனர். அவ்விருவருள் ஒருவரின் கொலையை அவர் உள்ளூரப் பொறுத்துக்கொண்டதாகக் காட்டும் கடிதம் ஒன்றை, அவர் கையொப்பத்தோடு படியெடுத்து, ‘டைம்ஸ்’ 1887 ஏப்ரல் 18ஆம் நாள் வெளியிட்டது. அயர்லாந்து மீதான அடக்குமுறை மசோதாவின் வாக்கெடுப்பும் அன்றிரவே நடைபெற்றது. கடிதம் பொய் என்று பார்னல் சபையில் கூறியும் பலர் ஏற்கவில்லை. பெரிய நாளிதழ் அச்சிட்டதாயிற்றே!

பின்னர் அமைந்த விசாரணை ஆணையத்தின் முன், 1889 பிப்ரவரியில், கடிதங்களைத் தேடித் தந்த பிகாட் என்பவர் நிறுத்தப்பட்டார். பார்னலின் வழக்கறிஞர் ரஸ்ஸல் அவரைச் சில சொற்களை எழுதுமாறு கேட்டார். ‘தயக்கம்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அவர் பிழையாக எழுதினார். பார்னல் எழுதியவையாகக் காட்டப்பட்ட கடிதங்களுள் ஒன்றிலும் அதே எழுத்துப்பிழை இருந்தது! பிகாட் நாட்டைவிட்டு ஓடி, மாட்ரிட் நகரில் தம்மையே சுட்டுக்கொண்டு மாண்டார். ‘டைம்ஸ்’ பார்னலுக்கு 5,000 பவுன் இழப்பீடு தந்தது. வழக்குச் செலவு 2,00,000 பவுனுக்கும் மேற்பட்டது. பணத்தினும் பெரிதாக அது இழந்தது நம்பகத்தையே.

இழிந்த நோக்கமே இத்தவற்றுக்குக் காரணம் என்று கொள்ள வேண்டுவதில்லை. பகைவன் தீயவனே என்று முன்னமே நம்பியவர்க்கு அந்நம்பிக்கையை உறுதிசெய்யும் தாள் கிடைத்தது. அதனால் ஆராயும் கடமையை மறந்தனர்.

நாம் கொள்ளத்தக்கது

பழைய நாளிதழ்களைச் சான்றாகக் கொள்வோர் மூன்றைக் கடைப்பிடித்தல் நலம். தலையங்கத்தையும் உரைப் பத்தியையும் தனித்தனியே படித்தல் ஒன்று. எதிர்க்கட்சி இதழின் அதே நாள் தாளை உடன்வைத்து நோக்கல் மற்றொன்று. யாருடைய உரை நேர்கூற்றில் விரிந்தது, யாருடையது அயற்கூற்றில் சுருங்கியது என்று கவனித்தல் மூன்றாவது. கூற்றுவகையை இலக்கணப் பாடமாகக் கற்பிக்கும் ஆசிரியர், அதுவே அரசியல் கருவியாகவும் இயங்கும் என்பதை மாணவர்க்கு இவ்வழியே எளிதில் காட்டலாம்.

கட்சிச் சார்புடைய தாளால் மட்டும் படிப்பவன் கெடுவதில்லை. சார்பு வெளிப்படையாக இருக்குமிடத்து அவன் விழித்திருப்பான். சார்பு செய்தியின் உடையில் வரும்போதே அவன் ஏமாறுகிறான். ஓர் எழுத்துப்பிழை அவ்வுடையைக் களைந்தது 1889இல். எல்லாக் காலத்தும் அத்தகைய பிழை கிட்டும் என்று இருத்தல் இயலாது. ஆராய்ந்து படிக்கும் பழக்கமே துணையாகும்.