ஸ்பார்க் பிளக்கும் அதன் பராமரிப்பும்

மைசூர் நகரின் தேவராஜ மொஹல்லாவில், தேவராஜ மார்க்கெட்டை ஒட்டிய சயாஜி ராவ் சாலையில், மோட்டார் கார் ஒன்று நெரிசலில் நின்றும் ஊர்ந்தும் செல்கிறது. பின்னர் அதே கார் சாமுண்டி மலையில் ஏறத் தொடங்குகிறது. நகரம் கடல் மட்டத்திற்குச் சுமார் 770 மீட்டர் உயரத்திலும், மலையுச்சி சுமார் 1,060 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. சமதளத்தில் ஓடிய எஞ்சின் ஏற்றத்தில் திணறுமாயின், முதலில் ஆராயத்தக்க உறுப்புக்களுள் ஸ்பார்க் பிளக்கும் ஒன்றாகும்.

பெட்ரோல் எஞ்சினின் உருளைக்குள் அழுத்தப்பெற்ற பெட்ரோல்-காற்றுக் கலவையை, பிளக்கின் இரு மின்வாய்களுக்கிடையே தாவும் பொறி கொளுத்துகிறது. இதற்குப் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் தேவை. நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும்போது, ஒவ்வொரு பிளக்கும் 1,500 பொறிகளைத் தருகிறது. ஏற்றத்தில் உருளையினுள் அழுத்தம் மிகுவதால், பொறி தாவக் கூடுதலான வோல்ட் வேண்டும். மின்வாய்கள் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால், பொறி அங்கேதான் தவறுகிறது.

நெரிசலில் ஊர்வதும் பிளக்கிற்கு உகந்ததன்று. பீங்கான் முனை ஏறத்தாழ 450 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தை எட்டினால்தான் அதில் படியும் கரி எரிந்து நீங்கும். எட்டாவிடில், மின்சாரம் கரியின் வழியே கசிந்துவிடுகிறது. வெப்பம் 900 டிகிரியைக் கடந்தாலோ, பொறி எழுமுன்பே கலவை பற்றிக்கொள்ளும். பிஸ்டனே உருகவும் கூடும். ஆகவே, எஞ்சினுக்கென விதிக்கப்பட்ட வெப்ப எண்ணுள்ள பிளக்கையே பொருத்த வேண்டும்.

எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே பிளக்கைக் கழற்றுதல் நலம். சூடான அலுமினியத் தலையில் மரை எளிதில் சிதையும். சுற்றிலுமுள்ள புழுதியை முதலில் ஊதி அகற்றுக. ஒயரைப் பிடித்திழுக்காமல் மூடியைப் பற்றி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால் ஒயர்கள் இடம் மாறமாட்டா.

கழற்றிய பிளக்கின் நிறம் எஞ்சினின் நலத்தை உரைக்கும். இளம் பழுப்பு நிறம் நன்னிலையைக் காட்டும். உலர்ந்த கருங்கரி, கலவையில் பெட்ரோல் மிகுந்ததையும், எண்ணெய்ப் பிசுக்கு, பிஸ்டன் வளையம் போன்ற உறுப்புக்களின் தேய்வையும் குறிக்கலாம். வெளுத்துக் கொப்புளித்த முனை அதிவெப்பத்தின் அடையாளம். இந்நிலைகளில் காரணத்தை நீக்காமல் புதுப் பிளக் மாட்டுவதால் பயனில்லை.

இடைவெளியைப் பீலர் கேஜ் கொண்டு அளந்து, கார்க் கையேடு கூறும் அளவிற்குச் சரிசெய்தல் வேண்டும். இரிடியம் பிளக்கின் மெல்லிய முனையைக் கம்பித் தூரிகையால் தேய்த்தலாகாது. புதிய பிளக்கைக் கையால் திருகியே தொடங்குக. இறுக்கத்திற்கும் கையேட்டின் அளவே வழிகாட்டி. தளர்ந்த பிளக் வெப்பத்தைத் தலைக்குக் கடத்தாது. மிகை இறுக்கம் மரையைக் கெடுக்கும்.

1951-இல் நிறுவப்பெற்ற மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, 'மைகோ' என்னும் பெயரால் பிளக்குகளை நாடெங்கும் அறிமுகமாக்கியது. 2008-இல் அது பாஷ் லிமிடெட் எனப் பெயர் மாறியது. சாதாரண நிக்கல் பிளக்கைவிட இரிடியம் பிளக் பன்மடங்கு நீடித்துழைக்கிறது. எனினும் பொறி தவறும் எஞ்சினைத் தொடர்ந்து ஓட்டினால், எரியாத பெட்ரோல் புகைக் குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியை அடைந்து அதனை எரித்துவிடும். சிறு செலவில் தீரும் குறையைப் பொருட்படுத்தாதவர், பெருஞ் செலவை ஏற்க நேரிடும்.