பயணி வண்டியும் டீசல் எஞ்சினும்

தில்லியிலிருந்து தமிழகம் செல்லும் நம்மில் மூத்தோர் பலர், டீசல் எஞ்சின் இழுத்த வண்டியில் பயணம் செய்தவர்களே. 1964-இல் வாராணசித் தொழிற்சாலை கட்டத் தொடங்கிய டபிள்யூ.டி.எம்.-2, சரக்கு வண்டிக்கும் பயணி வண்டிக்கும் பொதுவானது. 2600 குதிரைத் திறன் உடையது. விரைவு வண்டிகளுக்கென 2001-இல் அமெரிக்காவிலிருந்து டபிள்யூ.டி.பி.-4 தருவிக்கப்பட்டது. 4000 குதிரைத் திறன். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம்.

திறன் மிகுந்தும் என்ன? அதன் ஆறு அச்சுகளில் நான்கிற்கே மோட்டார் உண்டு. தண்டவாளத்தைப் பற்றி இழுப்பவை மோட்டார் பூட்டிய சக்கரங்கள் மட்டுமே. மற்ற இரண்டு அச்சுகளும், விருந்தாளிகளைப் போல, உடன் உருண்டன. அவற்றின் மேல் அமர்ந்த எடை இழுவைக்கு உதவவில்லை. ஆகவே நீண்ட வண்டியைக் கிளப்புவதும், ஈரத் தண்டவாளத்தில் மேடேறுவதும் கடினமாயின. பின்னர் வந்த டபிள்யூ.டி.பி.-4பி-யில் ஆறு அச்சுகளுக்கும் மோட்டார் அமைத்தனர். இன்று சென்னைத் தடத்தில் ஓடும் டபிள்யூ.ஏ.பி.-7 மின் எஞ்சினிலும் அவ்வாறே.