ஒரு சிடி ஸ்கேன் = 400 எக்ஸ்ரே: இந்தக் கணக்கு இன்னும் சரியா?

2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலையின் உச்சம். லேசான காய்ச்சல் வந்தாலே ‘எதுக்கும் ஒரு சிடி எடுத்துப் பார்த்துடலாம்’ என்று பலரும் ஸ்கேன் சென்டருக்கு ஓடினார்கள். அப்போது டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரண்தீப் குலேரியா எச்சரித்தார்: ஒரு சிடி ஸ்கேன் 300 முதல் 400 நெஞ்சு எக்ஸ்ரேவுக்குச் சமம். உடனே கதிரியக்க மருத்துவர்களின் சங்கம் மறுத்தது. ‘அது 30, 40 வருஷத்துக்கு முந்தைய கதை. இன்றைய மிகக் குறைந்த டோஸ் ஸ்கேன், 5 முதல் 10 எக்ஸ்ரேவுக்குத்தான் சமம்’ என்றது.

400 எங்கே, 5 எங்கே? யார் சொன்னது சரி?

உண்மையில் இரண்டு கணக்குக்குமே அடிப்படை உண்டு. ஒரு நெஞ்சு எக்ஸ்ரே சுமார் 0.02 மில்லிசீவர்ட். வழக்கமான நெஞ்சு சிடி 6, 7 மில்லிசீவர்ட். வகுத்துப் பாருங்கள், 300-ஐத் தாண்டும். அதே நெஞ்சை 0.1, 0.2 மில்லிசீவர்ட்டிலும் ஸ்கேன் செய்ய முடியும். அப்படின்னா 5 முதல் 10 எக்ஸ்ரே. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நமக்கு இயற்கையாக வருவதே உலக சராசரியில் வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். ஆக, ‘சிடி என்றால் இவ்வளவு’ என்று ஒரே எண் சொல்ல முடியாது. எந்த மெஷின், என்ன செட்டிங், எதற்காக எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும்.

டோஸ் கூடினால் படம் கெடாது

பழைய ஃபிலிம் எக்ஸ்ரேவில் டோஸ் அதிகமானால் படம் கறுத்துவிடும். தவறு உடனே தெரியும். சிடியில் தலைகீழ். டோஸ் கூடக்கூடப் படம் இன்னும் தெளிவாகும். யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். பல காலம் டோஸ் தேவைக்கு அதிகமாகவே இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். குழந்தைகளுக்கும் பெரியவர்கள் செட்டிங்கிலேயே ஸ்கேன் எடுக்கிறார்கள் என்பது 2001-ல்தான் அமெரிக்காவில் பெரிய செய்தியானது. 2009-ல் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனை ஒன்றில் 206 நோயாளிகளுக்கு மூளை ஸ்கேனில் எட்டு மடங்கு டோஸ் போனது தெரியவந்தது. நடந்தது ஒன்றரை வருடம். பலருக்கு முடி கொட்டிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது!

எப்படிக் குறைந்தது?

இதய ரத்தக்குழாய் சிடி நல்ல உதாரணம். முன்பு இதயம் துடிக்கும் நேரம் முழுக்க எக்ஸ்ரே பாய்ந்துகொண்டே இருக்கும். இப்போது இதயம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும் அந்தச் சில நொடித்துளிகளில் மட்டும் பாயவைக்கலாம். ஒல்லியானவருக்கு மின்னழுத்தத்தைக் குறைக்கலாம். அதனால் படத்தில் வரும் புள்ளிகளை மென்பொருள் துடைத்துவிடும். பல நாட்டு மருத்துவமனைகளில் 2007-லும் 2017-லும் எடுத்த கணக்கில், இந்த ஸ்கேனின் இடைநிலை டோஸ் அளவு 885-லிருந்து 195-ஆக இறங்கியது. ஆனால் 2017-லும் டோஸ் மிகக் குறைவான மையத்துக்கும் மிக அதிகமான மையத்துக்கும் வித்தியாசம் 37 மடங்கு! நல்ல மெஷின் வாங்கினால் மட்டும் போதாது, செட்டிங்கை மாற்ற ஆள் வேண்டும்.

ஒரு ஸ்கேனுக்கு டோஸ் குறைந்தாலும் ஸ்கேன்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. அமெரிக்காவில் 2006-க்கும் 2016-க்கும் இடையே சிடி எண்ணிக்கை சுமார் 20% கூடியது. அதனால் சிடி வழியாகத் தலைக்கு வருடத்துக்கு 1.46 மில்லிசீவர்ட் என்றிருந்தது 1.37-க்குத்தான் இறங்கியது.

அப்போ பயப்படணுமா?

சுமார் 10 லட்சம் இளையோரை ஆராய்ந்து 2023-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வின்படி, இன்று சிடி எடுக்கும் 10,000 சிறுவர்களில் ஒருவர் அல்லது இருவருக்கு அடுத்த 12 ஆண்டுகளில் அந்தக் கதிர்வீச்சால் ரத்தப் புற்றுநோய் வரலாம். ஆபத்து சின்னது, ஆனால் பூஜ்யம் இல்லை. பக்கவாதமோ தலையில் அடியோ என்றால் கணக்குப் பார்த்து நிற்காதீர்கள். அங்கே தாமதம்தான் பெரிய ஆபத்து.

அவசரம் இல்லாதபோது மருத்துவரிடம் கேளுங்கள்: ‘அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐ போதுமா? போன மாசம் எடுத்த சிடியை வச்சே பார்க்க முடியுமா?’ ஸ்கேன் முடிந்ததும் டோஸ் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள். அதில் ‘டிஎல்பி’ என்று ஒரு எண் இருக்கும். பெரியவர்களின் நெஞ்சு சிடி என்றால் அதை 0.014-ஆல் பெருக்குங்கள். 400 என்று இருந்தால் 5.6 மில்லிசீவர்ட். குழந்தைகளுக்கு இந்தப் பெருக்கல் பொருந்தாது, அவர்களுக்கு அதே எண்ணிலேயே பாதிப்பு கூடுதல்.