நிரலும் அதன் உரையும்

கணினியின் செயலி எந்நேரமும் ஒரே வேகத்தில் இயங்குவதில்லை. அது செலவிடும் இயக்க மின்திறன், கடிகார அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்ததாகையால், வேலை குறைந்த வேளையில் அதிர்வெண், மின்னழுத்தம் ஆகிய இரண்டையும் பத்தில் ஒரு பங்கு தாழ்த்தினாலே அச்செலவில் ஏறக்குறைய 27 சதவீதம் மிச்சமாகிறது.

லினக்ஸ் இயங்குதளத்தில் இக்காரியத்தை மேற்கொள்வது சிபியூஃப்ரெக் என்னும் பகுதி. வேண்டிய வேகத்தை நிர்ணயிப்பது அதிலுள்ள கவர்னர். அதைச் செயலியிடம் நிறைவேற்றுவது டிரைவர். தனித்தனி மின்வழங்கியும் கடிகாரமும் கொண்ட செயலிகளில், வேகத்தை உயர்த்தும்போது மின்னழுத்தத்தை முன்னும் அதிர்வெண்ணைப் பின்னும், தாழ்த்தும்போது அதிர்வெண்ணை முன்னும் மின்னழுத்தத்தைப் பின்னும் மாற்றவேண்டும். போதிய அழுத்தம் பெறாமல் வேகம் மட்டும் ஏறுமானால், சுற்றுகள் ஒரு துடிப்புக்குள் தம் கணக்கை முடிக்கமாட்டாமல் பிழையான விடையைத் தந்துவிடக்கூடும் என்பதே இவ்வரிசையின் தாத்பரியம். நிரலோ வரிசையைக் காட்டுகிறதேயன்றிக் காரணத்தைச் சொல்வதில்லை. பல்லாண்டுகளுக்குப் பின் அதைத் திருத்தவரும் ஒருவர், இருவேறு வரிசைகள் எதற்கென்று எண்ணி ஒன்றாக்கிவிடாமல் தடுக்கவல்லது, அருகில் எழுதப்பட்ட ஒரு விளக்கக் குறிப்பே. சூத்திரத்துக்கு உரை எப்படியோ, நிரலுக்குக் குறிப்பு அப்படி.

அளவைகளிலும் இத்தகைய தெளிவு அவசியம். சிபியூஃப்ரெக் அதிர்வெண்ணைக் கிலோஹெர்ட்ஸில் கணக்கிட, கடிகாரத்தை ஆளும் பகுதி ஹெர்ட்ஸில் கேட்கிறது. இடையில் ஆயிரத்தால் பெருக்குவதன் காரணத்தைக் குறிப்பு உரைத்தாலன்றிப் புதியவர் மயங்குவார். இன்னொரு மயக்கமும் உண்டு: பொதுவான பவர்சேவ் கவர்னர் செயலியை அனுமதிக்கப்பட்ட மிகக் குறைந்த வேகத்திலேயே வைத்திருக்க, இன்டெல் பி-ஸ்டேட் டிரைவர் வேகத்தைத் தானே நிர்வகிக்கும் நிலையில், அதே பெயர் கொண்ட முறை வேலைக்கேற்ப வேகத்தை ஏற்றியிறக்குகிறது.

நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலர் குறிப்புகளை நீக்கிவிடுகிறது. ஆதலின் பிழையான குறிப்பை அது பொதுவாகக் கண்டு எச்சரிப்பதில்லை. அதை நம்புகிற மனிதரே தவறிழைக்க நேர்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குரிய எழுத்துமுறை விதிகளும், நிரல் எப்படிச் செய்கிறது என்பதை விரித்துரைக்காமல், என்ன செய்கிறது என்பதையே குறிப்பில் சொல்லுமாறு பணிக்கின்றன. அதனோடு ஏன் என்பதையும் சேர்த்துரைப்பது வன்பொருளை ஆளும் டிரைவர்களில் இன்றியமையாதது. ஏனெனில் அங்கே காரணம் நிரலுக்குள் இல்லை, சிலிக்கானின் பௌதிகத்தில் இருக்கிறது. ஆகவே நிரல் மாறும்போதெல்லாம் அதன் குறிப்பையும் உடன் திருத்துவதை, நிரல் எழுதுவோர் தம் தொழிலின் தர்மமாகவே கொள்ளவேண்டும்.