பாட்டியின் தாலாட்டு எங்கே போனது?

ஜாசின் பக்கத் தோட்டத்துப் பாட்டி ஒருவரின் தாலாட்டைப் பதிவு செய்திருந்த தம்பி, பதறிப்போய் என்னை அழைத்தார். எங்கள் வானொலிக்கு அனுப்புவதற்காகக் கணினியின் கட்டளைத் திரையில் 'ஜீஸிப்' கொடுத்துக் கோப்பைச் சுருக்கினாராம். மூலப் பதிவையே காணோம்! பாட்டியும் இப்போது உயிரோடு இல்லை.

பதிவு அழியவில்லை. 1992-இல் வெளிவந்த ஜீஸிப்பின் வழக்கமே அதுதான்: பெயரின் வாலில் 'ஜி-இசட்' சேர்த்துச் சுருக்கிய கோப்பை வைக்கும், மூலத்தை நீக்கிவிடும். 'ஜீஅன்ஸிப்' கொடுக்கச் சொன்னேன். ஒரு துளி ஒலியும் குறையாமல் தாலாட்டு திரும்பி வந்தது.

ஆனால் அந்த உதவிக்குறிப்பு இருக்கிறதே! 'அதே இடத்தில் சுருக்கும்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. மூலம் போய்விடும் என்ற செய்தி, 'மைனஸ் கே'யின் விளக்கத்தில் 'அழிக்காதே' என்று அடைப்புக்குறிக்குள் ஒளிந்திருக்கிறது. அழிக்கும் என்று ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் அது புரியும். மருந்துப் புட்டியின் அடியில் எச்சரிக்கை ஒட்டிய கதைதான்.

'செவன்ஸிப்' பயன்படுத்துவோருக்கும் ஒன்று. பிரிக்கும்போது 'இ' கொடுத்தால் கோப்புறைகள் கலைந்து எல்லாம் ஒரே குவியலாகிவிடும். பாட்டிக்கு ஒரு கோப்புறை என்று அடுக்கி வைத்திருப்பவர்கள் 'எக்ஸ்' கொடுங்கள்.

குரல் பதிவுக்கு 'ஃபிளாக்' இன்னும் நல்லது. ஒலி குறையாது, ஜீஸிப்பைவிட நன்றாகச் சுருங்கும், மூலத்தையும் தொடாது.